மரச்சட்டக வீடும் மும்பைத் தமிழர் குடியிருப்புகளும்: கட்டடச் சொற்கள் வழி ஒரு வரலாற்று நோக்கு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது தமிழ்ப் பழமொழி. வீட்டைச் சுவரிலிருந்து தொடங்கி எண்ணும் பழக்கம் இதன் அடியில் உள்ளது. தமிழகச் சமவெளியில் மண்ணாலோ செங்கல்லாலோ கருங்கல்லாலோ எழுப்பிய சுவரே பெரும்பாலும் கூரையின் பாரத்தைத் தாங்கி வந்துள்ளது. மரம் நிலைக்கும் கதவுக்கும் கூரைக்கும் முற்றத்தைச் சுற்றிய தூண்களுக்கும் பயன்பட்டது. எனவே சுவர் விழுந்தால் வீடு விழுந்ததாகவே பொருள். இதற்கு மாறான வீட்டுவகை ஒன்று உண்டு. அதில் தூண்களும் உத்தரங்களும் விட்டங்களும் ஒன்றோடொன்று பூட்டப்பெற்று முதலில் ஒரு கூடாக நிற்கும். சுவர் பின்னர் அக்கூட்டின் இடைவெளிகளை அடைக்க வரும். சுவரைப் பெயர்த்தெடுத்தாலும் வீடு நிற்கும். இங்கிலாந்தின் பழைய நகர வீடுகள் இவ்வகையின. மும்பைத் தீவின் பழைய வாடகைக் கட்டடங்களுள் பலவும் இவ்வகையினவே.

இவ்வீட்டைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பது மொழிபெயர்ப்பாளர்க்குச் சிறிய சிக்கலாகத் தோன்றலாம். 'மரவீடு' என்பது எளிதில் கைக்கு வரும் சொல். ஆனால் அது சுவர், தரை, கூரை யாவும் பலகையால் ஆன வீட்டையே நினைவூட்டுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹாஃப் டிம்பர்டு' என்ற தொடரைப் 'பாதி மரவீடு' எனப் பெயர்ப்பதோ இன்னும் பெரிய பிழை. அங்கே மரத்தின் அளவு மட்டும் சொல்லப்படுகிறது. மரம் செய்யும் தொழில் மறைந்துவிடுகிறது. மும்பையில் இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு கட்டடத்தில் எது தாங்குகிறது, எது அடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே அது பழுதுபார்க்கத் தக்கதா, இடிக்கத் தக்கதா என்று முடிவு செய்ய இயலும். அம்முடிவு அக்கட்டடத்தில் குடியிருப்போர் தலைமீது கூரை நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது.

ஓக்கும் தேக்கும்

இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை நகர வீடுகள் பெரும்பாலும் ஓக் மரத்தால் சட்டம் கட்டி எழுப்பப்பெற்றன. வெட்டிய மரம் காய்வதற்கு முன், பச்சையாக இருக்கும்போதே தச்சர் அதில் வேலை செய்தனர். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இணைத்தனர். பணிக்களத்தில் சட்டத்தைக் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மூட்டுதோறும் உரோமன் எண்களை ஒத்த குறிகளைச் செதுக்கி, பிரித்து, மனைக்கு எடுத்துச் சென்று நிறுத்தினர். குறி பார்த்துச் சேர்த்த வீட்டைக் குறி பார்த்துப் பிரிக்கவும் இயலும் என்பதை இங்குக் கருத வேண்டும். அடிமரம் மண்ணின் ஈரத்தில் இற்றுவிடாதபடி தாழ்ந்த கல்மேடையின்மீது வைக்கப்பெற்றது. இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி மண் அப்பினர். பிற்காலத்தில் செங்கல் வைத்தனர். மேல்தளம் தெருப்பக்கம் கீழ்த்தளத்தைவிடச் சற்று முன்னே நீண்டது. கோயிற் கட்டடக்கலையில் சுவரின் முன்தள்ளிய பகுதிக்கு வழங்கும் 'பிதுக்கம்' என்ற சொல் இதற்கு ஓரளவு பொருந்தும். ஆயினும் கோயிலில் பிதுங்குவது சுவர். இங்கு நீள்வது தளத்தின் விட்டம்.

யார்க் நகரின் குட்ராம்கேட் தெருவில் 1316இல் எழுந்த 'அவர் லேடிஸ் ரோ' என்னும் வரிசை இதற்கு நல்ல சான்று. ஒரு தேவாலயத்தின் வழிபாட்டுச் செலவுக்கு வாடகை வருவாய் தேடி, அதன் முற்றத்தின் ஓரமாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளின் தொடர் இது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேல்தளம் தெருவை நோக்கி நீண்டிருக்கும். இன்றும் நிற்கிறது. ஒரே சட்டகத்தைப் பல குடிகளுக்குப் பகுத்துக்கொடுத்து வாடகை பெறும் முறை பம்பாயின் கண்டுபிடிப்பன்று என்பதை இவ்வரிசை காட்டும்.

1666இல் இலண்டனை எரித்த பெருந்தீ 13,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. மறுகட்டுமானத்துக்காக 1667இல் இயற்றப்பெற்ற சட்டம் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும் என்றது. ஹோல்பனில் உள்ள 16ஆம் நூற்றாண்டின் ஸ்டேப்பிள் இன் போன்ற சில கட்டடங்களே தீக்குத் தப்பி எஞ்சின. பிற நகரங்களில் வீட்டுக்காரர் பலர் பழைய சட்டத்தை அப்படியே விட்டு, முகப்பை மட்டும் செங்கல்லால் மறைத்தனர். செங்கல் வீடு என நம்பி வாங்கியவர் உள்ளே ஓக் தூண்களைக் காண்பது இன்றும் அங்கு நிகழ்கிறது.

பம்பாயின் கதையும் மரத்தில்தான் தொடங்குகிறது. 1736இல் சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் லவ்ஜி நஸர்வான்ஜி வாடியாவும் அவர் வழியினரும் பம்பாய்க் கப்பல்துறையில் தேக்கால் கப்பல் கட்டினர். நெப்போலியப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் அருகிய காலத்தில் பிரிட்டானியக் கடற்படை மலபார்த் தேக்கை நாடியது. திருகோணமலையின் பெயரைத் தாங்கி 1817இல் இங்கு நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. கப்பலுக்கு வந்த மரமே வீட்டுக்கும் வந்தது. 1863இல் நிறுவப்பெற்ற பாம்பே பர்மா வணிகக் கழகம் பர்மாத் தேக்கைப் பெருமளவில் வெட்டி ஏற்றியது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக நிற்பதும் பர்மாத் தேக்கே என்பதால் தமிழ் வாசகர்க்கு இம்மரம் புதிதன்று.

பம்பாய்க் கோட்டையிலும் ஒரு பெருந்தீ 1803 பிப்ரவரி 17 அன்று மூண்டு பல வீடுகளை எரித்தது. இலண்டனில் தீயின் விளைவாக மரம் விலக்கப்பட்டது. பம்பாயில் மக்கள் கோட்டைச் சுவருக்கு வெளியே பரவினர். மரமும் அவர்களுடன் சென்றது. கால்பாதேவி, புலேஷ்வர், கிர்காவ் பகுதிகளில் குஜராத்தி வணிகரும் மராத்தியரும் தேக்குச் சட்டங்களுக்கு இடையே செங்கல் அடைத்த வீடுகளையும் கட்டடங்களையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை எழுப்பினர். இவற்றுக்குப் பின்னணியில் அகமதாபாத்தின் போள் வீடுகளும் புணேயின் வாடாக்களும் கொண்ட நெடிய சட்டக மரபு உள்ளது. இரண்டாம் பாஜிராவ் 1807இல் கட்டிமுடித்த புணே விஷ்ராம்பாக் வாடா அம்மரபில் எஞ்சிய நல்ல எடுத்துக்காட்டு.

சாளும் சாலும்

இவ்வீட்டுவகையின் மிகப் பரவலான பம்பாய் வடிவம் மராத்தியில் 'சாள்' எனப்படும் வாடகைக் கட்டடம். ஒற்றை அறையோ ஈரறையோ கொண்ட குடியிருப்புகள் வரிசையாக அமைய, அவற்றின் முன் பொதுவான நடை ஓடும். ஆலைத் தொழிலாளரும் எழுத்தரும் சிறு வணிகரும் வாழ்ந்த இடம். தேக்குத் தூண்கள், அவற்றின்மேல் உத்தரங்கள், குறுக்கே நெருங்கிய விட்டங்கள், அவற்றின்மீது பலகை, பலகையின்மேல் சுண்ணாம்புக் காரையோ கற்பாளமோ, உச்சியில் மங்களூர் ஓடு என்பது பழைய சாள்களின் பொதுவான அடுக்கு. நடையை முன்தள்ளிய விட்டங்களும் தாங்குபலகைகளும் ஏந்தும். இங்கிலாந்தின் வீட்டில் அறையே தெருவுக்கு நீண்டது. பம்பாயில் நடை நீண்டது. மழையும் வெயிலும் மிகுந்த ஊரில் அறையைக் காக்க நடை முன்வந்தது எனக் கொள்ளலாம்.

தமிழில் இச்சொல் 'சால்' என எழுதப்படுகிறது. மராத்தியில் ஈற்றில் நிற்பது ளகரம். ளகரமில்லாத ஆங்கிலம் அதை லகரமாக்கிற்று. தமிழ் எழுத்தாளர் ஆங்கிலத்தைப் பின்பற்றினர். ளகரத்தைத் தன் நெடுங்கணக்கிலேயே வைத்திருக்கும் மொழி, அவ்வொலியையுடைய அண்டைமொழிச் சொல்லை, அவ்வொலி இல்லாத மொழியின் வழியாகக் கடன் கொண்டது விந்தையே. 'சால்' என்றதும் உழவுசால் நினைவுக்கு வருவதும், வரிசை என்ற பொருள் அங்குப் பொருந்திவிடுவதும் தற்செயல். இதைக்கொண்டு சொற்பிறப்பு காண முற்படலாகாது. மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். சாள் என்றவுடன் மரச்சட்டகம் எனக் கொள்ளக் கூடாது. பம்பாய் வளர்ச்சி இயக்ககம் 1920களில் வொர்லி, நாய்காவ், சிவ்டி, டிலைல் சாலைப் பகுதிகளில் கட்டிய 207 சாள்களும் கான்கிரீட்டால் ஆனவை. சாள் என்பது குடியிருக்கும் முறையின் பெயர். கட்டும் முறையின் பெயரன்று.

மேல்தளத்தைக் குறிக்கும் மராத்திச் சொற்களுள் 'மாடீ' ஒலியாலும் பொருளாலும் தமிழ், கன்னட 'மாடி'யேயாம். 'மாளா' என்பது தளத்தையும் பரணையும் குறிக்கும். உயரமான அறையின் நடுவே இடைத்தளம் போட்டு ஓர் அறையை இரண்டாக்கினால் அது 'போட்மாளா', அதாவது வயிற்றுத்தளம். இதைப் 'பரண்' எனப் பெயர்ப்பதினும் 'மச்சு' எனப் பெயர்ப்பது பொருந்தும். பரண் பண்டங்கள் வைக்குமிடம். மச்சில் மனிதர் படுக்கலாம்.

கண், அங்கணம், பத்தி

சட்டக வீட்டை அளப்பது எவ்வாறு என்பதில் மொழிகளின் ஒற்றுமை தெளிவாகப் புலப்படுகிறது. சுவர் வீட்டை அறைகளால் எண்ணலாம். சட்டக வீட்டில் அறைத் தடுப்பு மாறிக்கொண்டே இருக்கும். தூண்களுக்கு இடையிலான இடைவெளிதான் மாறாதது. ஆங்கிலேயர் இவ்விடைவெளியைப் 'பே' என்றனர். பழைய ஆவணங்களில் வீடுகளும் களஞ்சியங்களும் இத்தனை பே எனக் கணக்கிடப்பட்டன. மராத்தித் தச்சர் இதையே 'கண்' என்பர். இரு விட்டங்களுக்கு இடைப்பட்ட வெளி என மோல்ஸ்வர்த்தின் மராத்தி அகராதி பொருள் தருகிறது. மேசையின் இழுப்பறைக்கும் அதுவே பெயர். மூன்று கண் வீடு என்று மராத்தியில் சொன்னால் அறைகள் மூன்று என்று பொருளாகாது. தமிழில் 'கண்' எனவே எழுத நேர்வதால் விழியென மயங்க இடமுண்டு. ஆயின் பாலத்தின் திறப்புகளைத் தமிழிலும் கண் என்றே எண்ணுகிறோம். 'பதினாறு கண் பாலம்' என்ற வழக்கை அறிந்த தமிழர்க்கு மராத்திச் சொல் முற்றிலும் அயலாகத் தோன்றாது.

கன்னடத்தில் இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளி 'அங்கண'. செய்தித்தாளின் பத்திக்கும் இன்று அங்கு அதுவே சொல். தெலுங்கின் 'அங்கணமு' நிலத்தை அளக்கும் அலகாகவே நிலைத்துவிட்டது. நெல்லூர், திருப்பதி வட்டாரங்களில் மனைகளை இன்றும் அங்கணக் கணக்கில் விற்பர். தமிழில் இச்சொல் வேறு திசையில் சென்றது. திருக்குறளின் 720ஆம் குறளில் அது தூய்மையற்ற முற்றம். தென்மாவட்டப் பேச்சில் அங்கணம் என்பது வீட்டினுள் பாத்திரம் கழுவி நீர் வெளியேறும் மூலை. தூணிடை வெளிக்குத் தமிழ்க் கட்டடக்கலை வழங்கும் சொல் 'பத்தி'. கோயிற் சுவரை அரைத்தூண்கள் பகுக்கும் பகுதிகள் பத்திகளே. கன்னடச் செய்தித்தாளில் அங்கணவும் தமிழ்ச் செய்தித்தாளில் பத்தியும் ஒரே பணியைச் செய்வதைக் காண்க. பத்தி என்பதற்கு வரிசை என்ற பொருளும் இருத்தலால் இதை முடிந்த முடிபாகக் கூறவியலாது. ஆயினும் ஆங்கிலத்தின் 'பே'யைத் தமிழாக்குவோர் 'விரிகுடா' என்ற முதற்பொருளில் சறுக்காமல் 'தூணிடைப் பத்தி' என எழுதலாம் என்பதற்கு இது போதிய ஆதாரம்.

அங்கணம் என்ற சொல்லை இங்கு விரித்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. சாள் அறையின் ஒரு மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தாழ்ந்த தடுப்புடன் ஓர் இடம் இருக்கும். மராத்தியில் அது 'மோரி'. நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர் தம் ஊரில் அங்கணம் என்றது இதையே. தளத்தின் நீர் பலகை வழியே கசிந்து விட்டத்தின் முனையைத் தொடும் இடமும் இதுதான். மரச்சட்டக் கட்டடத்தில் விட்டங்கள் முதலில் இற்றுப்போவது மோரிக்கும் பொதுக் கழிப்பிடத்துக்கும் கீழே. கறையான் அதன் பின்னே வரும். தேக்கு உறுதியான மரம். உலர்ந்திருந்தால் பல தலைமுறை நிற்கும். அதன் பகை காலமன்று, ஈரம்.

சட்டம் என்னும் சொல்

தமிழில் கட்டிலின் சட்டம், கதவின் சட்டம், படத்தின் சட்டம் என்போம். இயற்றப்பெறும் விதியும் சட்டமே. இவ்விரண்டும் ஒரு சொல்லா, ஒலியொத்த இரு சொற்களா என்பது தனியே ஆராயத்தக்கது. பம்பாயின் பழைய வீடுகளைப் பொறுத்தவரை இரண்டு சட்டங்களும் சேர்ந்தே அவற்றை நிறுத்தின. இரண்டாவது முதலாவதை நலிவித்தது என்பதும் உண்மை. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவோடு பிணைத்தது. குடியிருப்போர் வெளியேற்றத்திலிருந்து காக்கப்பெற்றனர். உரிமையாளரோ கிடைத்த வாடகையில் பழுதுபார்க்க மறுத்தனர். அச்சட்டம் வேண்டாததென்று சொல்லிவிட முடியாது. அது இல்லாதிருந்தால் எளியோர் பலர் தீவை விட்டே நீங்கியிருப்பர். ஆனால் மோரியின் கீழ் இற்ற விட்டத்தை மாற்றுவது யார் பொறுப்பு என்ற வினாவுக்கு அதனிடம் செயல்படத்தக்க விடை இருக்கவில்லை. குடிபெயர்வோர் இடத்தைக் கைமாற்றும்போது பெறும் மொத்தத் தொகை 'பகடி' எனப்பட்டது. இந்தியில் அது தலைப்பாகை. தமிழில் அச்சொல் கேலியையும் குறிப்பதால் மும்பைத் தமிழ்ச் சிறுகதைகளை அயலூரார் படிக்கையில் இடர்ப்படுவதுண்டு.

கட்டடங்கள் தொடர்ந்து இடிந்து விழுந்ததன் விளைவாக 1969இல் பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியத்துக்கான சட்டம் பிறந்தது. தீவு நகரின் வாடகைக் கட்டடங்கள்மீது ஒரு மேல்வரி விதித்து, அதைக்கொண்டு வாரியமே பழுதுபார்ப்பது திட்டம். அப்போது கணக்கில் வந்தவை 19,642 கட்டடங்கள். அவற்றுள் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பர் 1க்கு முற்பட்ட 'அ' பிரிவைச் சேர்ந்தவை. மராத்தியில் இக்கட்டடங்களுக்கு 'உபகர்ப்ராப்த இமாரத்' என்று பெயர். 'கர்' என்பது வரி, 'உபகர்' மேல்வரி. தமிழ்க் காதுக்கு அது உபகாரமாக ஒலிக்கும். 'உதவிபெறும் கட்டடம்' என்று பெயர்த்துவிட்டால், குடியிருப்போர் வரி செலுத்திப் பெறும் உரிமை இலவச உதவியாகத் திரிந்துவிடும். 'மேல்வரிக் கட்டடம்' என்பதே நேர்.

மூன்று தமிழ்க் குடியிருப்புகள்

மும்பைத் தமிழரின் மூன்று முதன்மையான இடங்கள் மாட்டுங்கா, தாராவி, செம்பூர். வியப்பென்னவெனில், நகரின் மரச்சட்டக மரபு ஓய்ந்த எல்லைக்கோட்டின்மேல் இவை அமைந்துள்ளன.

1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. நெருக்கடியான பகுதிகளை இடித்துச் சாலை போட்ட அவ்வமைப்பு, வடக்கே தாதர், மாட்டுங்கா நிலங்களைத் திட்டமிட்டு மனைகளாக்கிற்று. மனைகள் நிரம்பியது 1920, 30களில். அலுவலகப் பணிக்கு வந்த தமிழரும் பிற தென்னிந்தியரும் மாட்டுங்காவில் குடியேறியதும் அப்போதே. 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அங்கு நிறுவப்பெற்றன. கழிப்பிடமும் குளியலறையும் உள்ளேயே அடங்கிய தனிக்குடியிருப்புகள் மூன்று தளக் கான்கிரீட் கட்டடங்களில் அமைந்தன. நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட மாட்டுங்கா பற்றிய ஆய்வுநூல், இவ்வடுக்குவீட்டு வாழ்க்கையில்தான் பல ஊர்களையும் சாதிகளையும் சேர்ந்தோர் 'தென்னிந்தியர்' என்ற ஒரே பெயருக்குள் வந்தனர் என்பதை விரிவாகக் காட்டுகிறது. 1936இல் சிமெண்டு நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஏ.சி.சி. உருவானதும் இக்கட்டுமானத்தின் பின்னணியில் உண்டு.

கான்கிரீட் வந்ததும் மரச்சட்டகம் மறைந்தது என்று எழுதுவது வழக்கம். மரம் மறைந்தது, சட்டகம் மறையவில்லை. தூண் நிற்க, உத்தரம் அதன்மேல் கிடக்க, சுவர் இடைவெளியை அடைக்கும் அதே இலக்கணம் கான்கிரீட்டிலும் தொடர்ந்தது. இடையில் இரும்பும் வந்துபோயிற்று. இங்கிலாந்தில் வார்க்கப்பெற்ற இரும்புச் சட்டகத்தைக் கப்பலில் கொண்டுவந்து 1860களின் இறுதியில் காலா கோடாவில் நிறுத்திய வாட்சன் விடுதி, செங்கல் அடைத்த இரும்புக் கூடு. பணிக்களத்தில் செய்து, பிரித்து, மனையில் சேர்க்கும் ஆங்கிலத் தச்சரின் பழைய முறைதான் அங்குக் கடல் கடந்தது.

தாராவியின் கதை வேறு. கோலி மீனவர் ஊரான அங்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெல்லைப் பகுதியிலிருந்து தோல் பதனிடுவோர் வந்தனர். அவர்களில் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் இருந்தனர். சதுப்பைக் குப்பைகொட்டி மேடாக்கிய நிலத்தில் கனத்த சுவர் எழுப்ப வழியில்லை. கால் நட்டு, குறுக்குமரம் கட்டி, பாய், தகரம், பலகை என்று கிடைத்ததைக் கொண்டு அடைப்பதே குடிசையின் முறை. ஏழ்மையால் பிறந்ததாயினும் கட்டுமுறையால் அதுவும் சட்டக வீடே. வருவாய் கூடியபோது அடைப்பு செங்கல்லாயிற்று. மரக்கால்களுக்கு மாற்றாக இரும்புக் கோணங்கள் வந்தன. குடிசைப் பகுதிகளில் கட்டடம் 14 அடிக்கு மேல் உயரக் கூடாது என்ற மாநகராட்சி விதிக்குள் அடங்கும்படி போட்மாளா இடப்பட்டது. வெளியே செங்குத்தான ஏணி வந்தது. கீழே தொழிலும் மேலே குடும்பமும், அல்லது கீழே குடும்பமும் மேலே வாடகைக்காரரும். யார்க் நகர வரிசையில் கண்ட 'கீழே ஒன்று, மேலே ஒன்று' என்ற அமைப்பு இங்கு மீண்டும் தோன்றுவது, குறுகிய மனையும் வாடகைத் தேவையும் சேருமிடத்தில் வீடு கொள்ளும் இயல்பான வடிவமாதல் வேண்டும். யார்க் வரிசையைக் கலைச்சின்னம் என்றும் தாராவி வீட்டைச் சட்டவிரோதக் கட்டடம் என்றும் அழைக்கும் சொற்கள், கட்டுமுறையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

செம்பூர் தீவுக்கு வெளியே, சால்செட்டில் உள்ளது. அங்குள்ள பழைய கிராமப்பகுதி நீங்கலாகத் தமிழர் அறிந்த செம்பூர் கான்கிரீட் குடியிருப்பே. மாட்டுங்காவில் இடம் போதாமையால் விடுதலைக்குப் பின் பலர் அங்குச் சென்றனர். மேல்வரிச் சட்டத்தின் எல்லை சயன், மாஹிமோடு முடிவதால் செம்பூர்க் கட்டடங்கள் அதன் பாதுகாப்புக்குள் வருவதில்லை. மாட்டுங்காவின் 1930களின் கான்கிரீட் வாடகைக் கட்டடங்களோ, கிர்காவின் தேக்குக் கட்டடங்களோடு சேர்ந்து 'அ' பிரிவிலேயே அடங்கின. ஆண்டைப் பார்த்த அவ்விதி, எது மரம், எது கான்கிரீட் என்று பார்க்கவில்லை.

பழுதுபார்த்தலும் பெயரும்

1961 டிசம்பரில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் புதிய சாலைக்காக ஒரு பழைய மரச்சட்டக நகர வீட்டை அகற்ற நேர்ந்தது. அதை இடிக்காமல், அடியில் சக்கரங்கள் பொருத்தித் தண்டவாளத்தின்மேல் முழுதாக இழுத்துச் சென்று வேறு தெருவில் நிறுத்தினர். சுவர் தாங்கும் வீட்டை அவ்வாறு நகர்த்துவது மிகக் கடினம். 1996இல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவிலும், கேரளத்துப் புதுப்பள்ளியின் 1850ஆம் ஆண்டுச் சிரியன் கிறித்தவர் வீடு பிரித்துக் கொண்டுவரப்பெற்று மீண்டும் எழுப்பப்பெற்றுள்ளது. இங்கிலாந்தின் மரபுச் சீரமைப்பில், இற்றுப்போன தூணின் அடிப்பகுதியை மட்டும் அறுத்து நீக்கிப் புதுத்துண்டைப் பூட்டுவது வழக்கமான பணி. ஓர் உறுப்பு இற்றால் அவ்வுறுப்பை மாற்றலாம் என்பதே சட்டக வீட்டின் தனித்தன்மை. 'இடியும் நிலையிலுள்ள பழைய மரவீடு' என்ற தொடர் இத்தன்மையை மறைத்து, முழுவதையும் ஒரே பொருளாக்கிவிடுகிறது. ஒரே பொருள் பழுதானால் எறிவதைத் தவிர வழியில்லை.

மும்பையில் மரச்சட்டகத்துக்கு மதிப்புத் தேடும் முயற்சிகள் மெல்லவே நடந்தன. கிர்காவின் கோத்தாச்சிவாடி 1995ஆம் ஆண்டின் மரபுரிமை விதிகளால் ஓரளவு காப்புப் பெற்றது. 2018இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த மும்பைக் கட்டடங்கள் விக்டோரியக் கோதிக் கல்லும் ஆர்ட் டெகோ கான்கிரீட்டும் ஆனவை. மக்கள் மிகுதியாக வாழ்ந்த மரம் அப்பட்டியலில் இல்லை. இதற்கிடையே பெண்டி பஜாரின் பாக்மோடியா தெருவில் 2017 ஆகஸ்டு 31 அன்று நூறாண்டு கடந்த மேல்வரிக் கட்டடம் ஒன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய செய்திகளைக் கண்டு, பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்பாரை அங்கு வாழ்ந்தறியாதவர் எனக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் காலத்தில் மாற்றப்படாத விட்டங்களின் விளைவை மரத்தின் இயல்பாகக் கணக்கிடுவது சரியன்று.

வாரியத்தின் பழுதுபார்ப்பில் பெரும்பாலும் நிகழ்ந்தது இது: இற்ற தேக்கு விட்டத்தின் கீழ் முதலில் முட்டுக்கொடுப்பர். மராத்தியில் அதற்கு 'டேக்கூ' என்று பெயர். பின்னர் விட்டத்தை அகற்றி அவ்விடத்தில் எஃகு உத்தரத்தைச் செலுத்துவர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு கட்டடத்தில் தேக்கு குறைந்து எஃகு கூடும். சில கட்டடங்களில் படிக்கட்டும் நடையின் கைப்பிடியும் தவிர மரமே எஞ்சுவதில்லை. மராத்தியர் இதன் தாங்கும் பகுதியை அப்போதும் 'சாங்காடா', அதாவது எலும்புக்கூடு என்றே அழைப்பர். எலும்பு எதனால் ஆனதென்று அச்சொல் கேட்பதில்லை. தமிழில் 'மரவீடு' என்று பெயரிட்டவர்க்கு இங்குச் சொல் தீர்ந்துபோகும். மரம் போய்விட்டது, வீடு அதே வீடு, அதே தூணிடைப் பத்திகள், அதே குடிகள். 'சட்டக வீடு' என்று பெயரிட்டவர், முன்னொட்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும். டேக்கூவை எடுக்கலாமா கூடாதா என்று பொறியாளர் பார்ப்பதும் அந்தச் சட்டகத்தைத்தான்.